தட்டில் விழும் காசு எங்கே போகிறது?

ஞாயிறு பூசையில் மறையுரை முடிந்து, விசுவாசப் பிரமாணமும் மன்றாட்டுகளும் முடிந்தபின் கோயிலுக்குள் ஒரு சின்ன அசைவு எழும். பாடகர் குழு காணிக்கைப் பாட்டைத் தொடங்கும். கைகள் பைக்குள் காசு தேடும். தட்டு வரிசை வரிசையாக நகரும். திருகோணமலைப் புனித மரியாள் பேராலயத்திலும் இதுதான், பாலையூற்று லூர்து அன்னை ஆலயத்திலும் இதுதான், விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் மூதூரிலும் இதுதான். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களுக்குள் கத்தோலிக்க வாழ்வின் பெரிய பாடம் ஒன்று அடங்கியிருக்கிறது. ஆளுக்கொரு பிளேன்டீயை எடுத்துக்கொண்டு, அதை மெல்லப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில், நம்மில் ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கும் ஒரு தவறான எண்ணத்தை எடுத்துக்கொள்வோம். காணிக்கையை நாம் ஒரு விலையாக நினைக்கிறோம். பூசைக்கு இவ்வளவு, ஆசீர்வாதத்துக்கு இவ்வளவு என்று மனதுக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. நன்றியையும் அதே பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். பிள்ளை பரீட்சையில் சித்தியடைந்தால் அந்தோனியாருக்கு மெழுகுதிரி, கடலுக்குப் போனவர் சுகமாய்த் திரும்பினால் மாதாவுக்கு மாலை. மெழுகுதிரியும் மாலையும் நல்லவைதான், அன்பிலிருந்து வருபவை. கொடுத்து முடித்ததும் "இனிக் கணக்குத் தீர்ந்தது" என்று நிம்மதியாக எழுந்து போகிறோமே, அங்கேதான் பிழை. கடவுளோடு தீர்க்கக்கூடிய கணக்கு எதுவும் நமக்கு இல்லை. ஏன் இல்லை என்பதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது.

நம் ஊரில் எத்தனையோ வீடுகளின் சொந்தக்காரர் இன்று கனடாவிலோ லண்டனிலோ இருக்கிறார். இங்கே தங்கை ஒருத்தி அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். வளவைக் கூட்டுகிறாள், கரண்ட் பில்லைக் கட்டுகிறாள், மழைக்கு முன்னே ஓட்டை மாற்றுகிறாள். மாமரம் காய்த்தால் அவளும் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். அண்ணன் அதைக் கேள்வி கேட்கமாட்டார், சந்தோஷப்படுவார். ஆனால் கதவைக் கழற்றி விற்க அவளுக்கு உரிமை இல்லை. வீட்டைப் பாழாகவும் விடமுடியாது. அண்ணன் வாங்கி வைத்த அரிசியிலிருந்து பக்கத்து வீட்டுக் கிழவிக்கு ஒரு சுண்டு கொடுக்கும்போது, தன்னுடையதைத் தானம் செய்ததாக அவள் பெருமைப்படவும் மாட்டாள். வேதத்தில் இயேசு சொல்லும் 'வீட்டுப் பொறுப்பாளர்' இப்படிப்பட்டவர்தான். உயிர், உடம்பு, அறிவு, காலம், காசு, கடல், நிலம் எல்லாவற்றிலும் நாம் அந்த இடத்தில்தான் நிற்கிறோம் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை.

இப்போது அடுத்த படி. எல்லாம் அவருடையது என்றால், அவருக்கு நாம் எதைத் திருப்பிக் கொடுப்பது? திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால் நன்றி வேறொரு வழியில் போகவேண்டியிருக்கிறது. பசித்தவனுக்கும் நோயாளிக்கும் சிறையில் இருப்பவனுக்கும் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்று மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் இயேசு அந்த வழியைக் காட்டுகிறார். கடவுளிடம் பெற்றதற்கான நன்றி, நமக்கு அடுத்திருப்பவரிடம் போய்ச் சேரவேண்டும். 1992இல் அமெரிக்க ஆயர்கள் இதைப் பற்றி ஒரு மேய்ப்புப்பணி மடல் எழுதினார்கள். கொடைகளை நன்றியோடு பெறுவது, பொறுப்போடு பேணுவது, நீதியோடு பகிர்வது, பெருக்கி ஆண்டவரிடம் திருப்பி அளிப்பது என்று நான்கு செயல்களாக அதில் இதைப் பிரித்துக் காட்டினார்கள். நான்கும் சேர்ந்ததுதான் பொறுப்பாளரின் வாழ்வு.

இனித் தட்டைப் பின்தொடர்வோம். அப்பமும் இரசமும் பீடத்துக்குப் போகும் அதே நேரத்தில் காசும் போகிறது. இது வசதிக்காகச் செய்த ஏற்பாடு மட்டும் இல்லை. ஏறக்குறைய கி.பி. 155இல் உரோமையில் வாழ்ந்த ஜஸ்டின் என்ற அறிஞர், கிறிஸ்தவர்கள் ஞாயிறு தோறும் என்ன செய்கிறார்கள் என்று பேரரசருக்கு விளக்கி எழுதினார். வசதியுள்ளவர்கள் தாங்கள் விரும்பிய அளவு கொடுப்பார்கள், அது கூட்டத்தின் தலைவரிடம் சேர்க்கப்படும், அவர் அநாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் உள்ளவர்களுக்கும் ஊருக்கு வந்து தங்கியிருக்கும் அந்நியருக்கும் உதவுவார் என்று அதில் சொல்கிறார். போரையும் சுனாமியையும் கண்ட, துறைமுகத்துக்கு அந்நியர் வந்துபோகும் நம் ஊரில் இந்தப் பட்டியலை வாசிக்கும்போது, பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முந்திய எழுத்து என்று தோன்றுவதில்லை.

இன்றைய திருவழிபாட்டு விதியும் அந்தத் தொடர்பைக் காக்கிறது. ஏழைகளுக்காகவும் கோயிலுக்காகவும் மக்கள் கொண்டுவரும் பணமும் பொருளும் காணிக்கையின் பகுதியாகவே ஏற்கப்படுகின்றன; ஆனால் பீடத்தின் மேல் அல்லாமல், அதற்கு வெளியே தகுந்த இடத்தில் வைக்கப்படுகின்றன. பீடத்தின் மேல் அப்பமும் இரசமும் இருக்கும். அவையும் நிலம் தந்து மனித உழைப்பு ஆக்கியவைதான். நம்முடைய ஒரு கிழமை உழைப்பையும் அவற்றோடு சேர்த்துக் கொண்டுபோய் வைக்கிறோம். கிறிஸ்து தம்மையே தந்ததை நினைவுகூரும் நேரத்தில் நாமும் நம்மிடமிருந்து ஒரு பகுதியைத் தருகிறோம். பூசையே ஒரு பெரிய நன்றிச் செயல். நம் காணிக்கை அதற்குள் ஒரு சின்னப் பங்கு.

தட்டு பீடத்தருகே போனபின் என்ன நடக்கிறது? இதைப் பலர் அறிவதில்லை. சிலர் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கேட்கலாம். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதை விரிவாகவே சொல்கிறது. திருச்சபை ஏன் பணமும் சொத்தும் வைத்திருக்கலாம் என்பதற்குச் சட்டம் 1254 சில காரணங்களை முதன்மையாகச் சொல்கிறது: இறைவழிபாடு நடத்த, குருக்களும் பணியாளர்களும் கண்ணியமாக வாழ, நற்செய்திப் பணியும் அறப்பணியும், குறிப்பாக ஏழைகளுக்கான பணி, செய்ய. கோயில் கூரை, மெழுகுதிரி, கரண்ட் பில், உபதேசியாருக்கான கொடுப்பனவு, வறியவருக்கான மருந்து எல்லாம் இவற்றுக்குள் அடங்கும்.

பங்குத்தந்தையின் கையில் கொடுக்கும் காசு அவருடையதாகிவிடுமா? இல்லை. கொடுத்தவர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், அது பங்குக்குக் கொடுத்ததாகவே கொள்ளவேண்டும் என்பது சட்டம். பங்கின் பணத்தைப் பராமரிப்பதில் அவருக்குத் துணையாக ஒவ்வொரு பங்கிலும் ஒரு நிதிக்குழு கட்டாயம் இருக்கவேண்டும் என்கிறது சட்டம் 537. ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம் என்கிறது சட்டம் 1267. கோயில் மணிக்கென்று கொடுத்தால் மணிக்குத்தான். ஏழைப் பிள்ளைகளின் கொப்பிக்கென்று கொடுத்தால் கொப்பிக்குத்தான். மக்கள் தந்ததற்கு மக்களுக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்கிறது சட்டம் 1287. ஆகவே பொறுப்பாளர் என்ற நிலை நமக்கு மட்டும் உரியதில்லை. பங்குத்தந்தையும் நிதிக்குழுவும் ஆயரும் அதே நிலையில்தான் நிற்கிறார்கள். கணக்கைக் கேட்பது அவமரியாதை இல்லை, கணக்கைக் காட்டுவது தயவும் இல்லை. இரண்டுமே நன்றியின் பகுதி.

இப்போது மிகவும் குழப்பம் தரும் இடத்துக்கு வருவோம்: பூசைக் கருத்துக்குக் கொடுக்கும் காசு. அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்குப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லி ஒரு உறையில் காசு வைத்துக் கொடுக்கிறோம். "பூசைக்குக் காசு கட்டியாச்சா?" என்று வீட்டில் கேட்பார்கள். அந்தக் காசு பூசையின் விலை போலத்தான் நமக்குத் தெரிகிறது. திருச்சபை அப்படிப் பார்க்கவில்லை. இந்தக் காணிக்கையில் வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக்கூடாது என்று சட்டம் 947 தெளிவாகச் சொல்கிறது. ஒரு குரு ஒரே நாளில் இரண்டு மூன்று பூசை வைத்தாலும், கிறிஸ்து பிறப்பு நாள் தவிர, ஒரு பூசைக்கான காணிக்கையை மட்டுமே தனக்கு வைத்துக்கொள்ளலாம். மற்றவை ஆயர் குறித்த நோக்கங்களுக்குப் போகவேண்டும். வறியவர் காசு தராவிட்டாலும் அவருடைய கருத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கும்படி குருக்களைச் சட்டம் 945 வற்புறுத்தி வேண்டுகிறது. அதற்கும் மேலாக, ஒவ்வொரு ஞாயிறும் கடன் திருநாளும் பங்குத்தந்தை தன் பங்கு மக்கள் அனைவருக்காகவும் ஒரு பூசை ஒப்புக்கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறார். அதற்கு யாரும் எதுவும் கொடுப்பதில்லை. நாம் கேட்காமலே, நம் பெயரும் சேர்ந்து, அது நடந்துகொண்டேயிருக்கிறது.

அப்படியானால் அந்த உறையில் இருப்பது என்ன? அந்தப் பூசையில் நாமும் பங்கெடுக்கிறோம் என்பதற்கு ஓர் அடையாளம். பணி செய்யும் குருவின் அன்றாடச் சோற்றுக்கு நம் உதவி. பூசையை வாங்குவதற்கு உலகத்தில் பணம் இல்லை. திருமுழுக்குக்கோ நோயிற்பூசுதலுக்கோ காசில்லை என்று தயங்கி யாரும் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. காசில்லாத காரணத்தால் வறியவருக்கு அருளடையாளங்களின் உதவி இல்லாமல் போகாதபடி குரு பார்த்துக்கொள்ளவேண்டும் என்று சட்டம் 848 சொல்கிறது. இதை நம் பங்கில் அறியாத ஒரு குடும்பம் இருந்தால், அதைப் போய்ச் சொல்வதே ஒரு நல்ல காணிக்கை.

அடுத்து வரும் கேள்வி, எவ்வளவு கொடுப்பது? பழைய ஏற்பாட்டில் பத்தில் ஒரு பங்கு என்று இருந்தது. கத்தோலிக்கச் சட்டம் இன்று அந்த அளவை யார்மீதும் சுமத்தவில்லை. திருச்சபையின் தேவைகளுக்கு உதவும் கடமை விசுவாசிகளுக்கு உண்டு என்று மட்டும் சொல்லி, அளவை மனச்சாட்சியிடம் விடுகிறது. எருசலேம் கோயில் உண்டியலில் இரண்டு சின்னக் காசு போட்ட கைம்பெண்தான் எல்லோரையும்விட அதிகம் போட்டாள் என்று இயேசு சொன்னபோது, போட்டபின் கையில் மிஞ்சியிருந்ததை வைத்தே அவர் அளந்தார். கடற்கரைச் சனங்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். கன்னியாகுமரி மாவட்டக் கரையோரக் கத்தோலிக்க ஊர்களில், பிடிபட்ட மீனில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. மீன் நிறையப் பட்டால் கோயிலுக்கும் நிறைய. வெறும் வலை வந்தால் கோயிலுக்கும் ஒன்றுமில்லை. கடல் தந்ததில் ஒரு பங்கு என்பதுதான் கணக்கு.

நம் கிழக்குக் கடலுக்கும் நல்ல காலம், கெட்ட காலம் உண்டு. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று அடித்துக் கடல் கொந்தளித்தால் வள்ளம் கரையில்தான் கிடக்கும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது, வெளியிணைப்பு எஞ்சினை நம்பியிருந்த வீடுகளின் அடுப்பே ஆட்டம் கண்டது. அப்படிப்பட்ட ஒரு மாதத்தில் தட்டு வரும்போது வெறுங்கையோடு இருப்பவர் தலைகுனியத் தேவையில்லை. அவர் அந்த மாதம் வாங்கிக்கொள்ளவேண்டிய இடத்தில் இருக்கிறார். வாங்கிக்கொள்வதும் நன்றியின் வரிசையில் ஓர் இடம்தான். கடல் திறந்ததும் அவருடைய முறை வரும்.

காசைப் பற்றியே பேசிவிட்டோம். பொறுப்பில் காசு ஒரு பகுதிதான். காலமும் திறமையும் அதைவிடப் பெரிய பகுதிகள். பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பெடுக்கும் அக்கா, கல்லறைத் திருநாளுக்கு முன் சவக்காலையில் புல்லுப் பிடுங்கும் பெடியன்கள், அன்பியக் கூட்டத்துக்குத் தன் விறாந்தையைத் திறந்துவிடும் வீட்டுக்காரர், நோயாளிகளைத் தேடிப்போகும் வின்சென்ட் டி பவுல் சபையார் எல்லோரும் தங்களிடம் ஒப்படைக்கப்பட்டதைத் திருப்பி அளிப்பவர்கள்தான். அந்தச் சபையை 1833இல் பாரிசில் தோழர்களோடு தொடங்கியபோது பிரெதெரிக் ஓசானாம் இருபது வயது மாணவர். அவரிடம் கொடுக்கப் பெரிய பணம் ஏதும் இருக்கவில்லை. நேரமும் நடக்கக் கால்களும் இருந்தன.

நம் மறைமாவட்டமே இப்படிப் பலர் தந்த வாழ்நாட்களின் மேல் நிற்கிறது. 1893இல் திருத்தந்தை 13ஆம் லியோ திருகோணமலை மறைமாவட்டத்தை ஏற்படுத்தினார். முதல் ஆயர் சார்ள்ஸ் லவீஞ் பிரெஞ்சு இயேசுசபைக் குரு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசுசபையினர் பொறுப்பெடுத்தார்கள். அவர்களில் ஒருவரான இக்னேசியஸ் கிளெனி 1947 முதல் 1974 வரை ஆயராக இருந்தார். அவர்களோடு வந்தவர் யூஜின் ஹேபியர் அடிகளார். கிழக்கின் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுத்தார், மட்டக்களப்பில் தொழிற்பயிற்சி நிலையத்தை நடத்தினார். 1990 ஆகஸ்ட் 15ஆம் தேதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் காணாமற்போனார். அவரோடு போன ஓர் இளைஞரும் திரும்பவில்லை. போர்க்காலத்தில் அடிகளார் தன் ஊருக்குத் திரும்பிப் போயிருக்கலாம், போகவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு நாம் எதைத் திருப்பிக் கொடுப்பது? அவர்கள் கட்டிய பள்ளிக்கூடத்தில் படித்தவர், படிக்க வசதியில்லாத ஒரு பிள்ளைக்கு இன்று மாலை கணக்குச் சொல்லிக்கொடுத்தால், அந்த நன்றி சரியான விலாசத்துக்குப் போய்ச் சேருகிறது.

பொறுப்பின் இன்னொரு பக்கம் நம் கண்முன்னேயே விரிந்திருக்கிறது. திருகோணமலைத் துறைமுகம் உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. அதை நாம் கட்டவில்லை. அப்படியே கையில் கிடைத்தது. நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவின் பவளப்பாறைகளும் அப்படித்தான். 2003இல் அது கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இந்தக் கடலில் வெடி போட்டு மீன் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் அதைத் தடைசெய்கிறது. வெடி பெரிய மீனோடு குஞ்சையும், குஞ்சு வளரும் பவளப்பாறையையும் சேர்த்து அழிக்கிறது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் பூமியைப் பொது இல்லம் என்று சொல்லி 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலை எழுதினார். நம் கரையில் நின்று அதை வாசித்தால் பொருள் மிகவும் நேரடியானது: ஞாயிறு காலை கடலுக்காக நன்றி சொல்லிவிட்டு, திங்கள் இரவு அதே கடலில் வெடி போடமுடியாது. வெடி மீன் என்று தெரிந்தே வாங்கி உண்பவரும் இந்தப் பொறுப்புக்கு வெளியே நிற்கமுடியாது.

பெருநாட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொடியேற்றம், நவநாட்கள், சுருவப் பவனி என்று ஊரே சேர்ந்து மகிழ்வது நன்றியின் அழகான வடிவம். ஒவ்வொரு நவநாளையும் ஒரு வட்டாரமோ தொழிலாளர் சங்கமோ பொறுப்பெடுக்கும் பங்குகளில், ஏழை பணக்காரர் எல்லோரும் ஒரு வேலையில் கைவைக்கிறார்கள். சோடனையும் ஒலிபெருக்கியும் வாணவேடிக்கையும் போன வருடத்தை மிஞ்சவேண்டும் என்ற போட்டி வந்தால்தான் நன்றி வழிதவறும். பெருநாள் வரவுசெலவை எழுதும்போதே முதல் வரியாக ஏழைகளின் பங்கு என்று ஒரு தொகையை எழுதிவைப்பது நல்லது. மிச்சமிருந்தால் பார்ப்போம் என்று விட்டால் மிச்சம் இருப்பதில்லை.

ஏழைகளின் பங்கு என்றால் எந்த ஏழைகள்? நம் ஊரில் கத்தோலிக்கர் சிறு தொகையினர். சுற்றிலும் சைவரும் முஸ்லிம்களும் பௌத்தரும் வாழ்கிறார்கள். 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடல் ஊருக்குள் வந்தபோது அது யாருடைய சமயத்தையும் கேட்கவில்லை. கிழக்கில் கோயில்களும் பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் ஓடிவந்தவர்களுக்கு அடைக்கலமாயின. அன்று கஞ்சி ஊற்றிய கைகளையும் அதை வாங்கிய கைகளையும் யாரும் பங்குப் பதிவேட்டில் தேடவில்லை. ஜஸ்டின் எழுதிய பட்டியலில் கடைசியாக நிற்கும் 'அந்நியர்' நம் பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். அவர் வரைக்கும் போகாத நன்றி பாதி வழியில் நின்றுவிட்ட நன்றி.

இவ்வளவு தூரம் கூட வந்த உங்களிடம் மூன்று வேண்டுகோள். வரும் ஞாயிறு தட்டு வருவதற்கு முன், வீட்டிலிருந்து புறப்படும்போதே, எவ்வளவு என்று யோசித்துத் தனியாக எடுத்து வையுங்கள்; பைக்குள் தட்டுப்பட்டதைப் போடாதீர்கள். உங்கள் பங்கின் நிதிக்குழுவில் யார் இருக்கிறார்கள், ஆண்டுக் கணக்கு எப்போது வாசிக்கப்படுகிறது என்று விசாரித்து, அன்று போய் இருந்து கேளுங்கள். இந்த மாதம் உங்களுக்குக் கிடைத்த ஒரு நன்மையை நினைத்து, அதற்கான நன்றியை, அதைத் திருப்பித் தர வழியில்லாத ஒருவரின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த வீடு எந்த வீடு என்பது உங்களுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும்.